வான்கோழி இறைச்சி உருண்டை

வான்கோழி இறைச்சி உருண்டை என்பது கொத்திய வான்கோழி இறைச்சியுடன் பாலில் ஊறவைத்த ரொட்டி, முட்டை, வெங்காயம், உப்பு முதலியவற்றைச் சேர்த்துப் பிசைந்து, சிறு உருண்டைகளாக்கிச் சமைக்கப்படும் ஓர் உணவாகும். அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும் கனடாவிலும் வீடுகளில் பரவலாகச் செய்யப்படுகிறது. எண்ணெயில் பொரிப்பதும் உண்டு. எனினும் ஓவனில் (இலங்கை வழக்கில் போறணை) சுட்டெடுக்கும் முறையே எண்ணெய்ச் செலவும் கண்காணிப்பும் குறைந்தது. இவ்வுணவைச் செய்வது எளிது. ஆனால் கொழுப்புக் குறைந்த ஓர் இறைச்சியை, கிருமிகள் அழியும் அளவுக்கு உள்வரை சூடாக்கியும் உலர்ந்துபோகாமல் காப்பது எவ்வாறு என்பதே இதன் முதன்மைச் சிக்கல். கீழே கூறப்படும் செய்முறையின் ஒவ்வொரு படியும் ஏதோ ஒரு வகையில் இச்சிக்கலுக்கான விடையாகும்.

பெயரும் பின்னணியும்

வான்கோழி வட அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட பறவை. மெக்சிக்கோப் பகுதியின் பழங்குடி மக்கள் அதனை வீட்டுப் பறவையாக்கினர். 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எசுப்பானியர் அதனை ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்றனர். ஆங்கிலேயர் அதற்குத் துருக்கி நாட்டின் பெயரைச் சூட்டினர். துருக்கியரோ அதனை இந்தியப் பறவை எனும் பொருளில் 'ஹிந்தி' என்றே அழைக்கின்றனர். இந்தியாவுக்கு அது அயற்பறவையே. 1612-இல் கோவாவிலிருந்து தமக்குக் கொண்டுவரப்பட்ட வான்கோழியை முகலாய மன்னர் சகாங்கீர் வியப்புடன் கண்டு, ஓவியர் மன்சூரைக் கொண்டு வரையச் செய்தார்.

இறைச்சி உருண்டை பல நாடுகளில் தனித்தனிப் பெயருடன் வழங்கும் பழைய உணவாகும். துருக்கியின் கொஃப்தே, இத்தாலியின் பொல்பெத்தே, சுவீடனின் சொட்புல்லார் ஆகியன அறியப்பட்டவை. சுவீடனின் உருண்டை, 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மன்னர் பன்னிரண்டாம் சார்லசு துருக்கியிலிருந்து கொண்டுவந்த செய்முறையை அடிப்படையாகக் கொண்டது என்று அந்நாட்டின் அதிகாரப்பூர்வ டுவிட்டர் கணக்கு 2018-இல் அறிவித்தது பெரும் பேச்சானது. இவற்றில் மாடு, ஆடு, பன்றி ஆகியவற்றின் இறைச்சியே வழக்கம். கொழுப்பைக் குறைத்து உண்ண விரும்புவோர் அவற்றுக்கு மாற்றாக வான்கோழியைப் பயன்படுத்துகின்றனர்.

இறைச்சியின் இயல்பு

வான்கோழியின் நெஞ்சுப்பகுதி வெண்ணிறமானது. கொழுப்பு மிகக் குறைவு. தொடைப்பகுதி கருஞ்சிவப்பானது, கொழுப்பும் இணைப்பிழையமும் கூடுதல். அமெரிக்கக் கடைகளில் கிடைக்கும் கொத்துக்கறிப் பொதிகளில் 93/7, 85/15 என்பன போன்ற எண்கள் காணப்படும். முதல் எண் கொழுப்பற்ற பகுதியின் விழுக்காடு; இரண்டாவது கொழுப்பின் விழுக்காடு. நெஞ்சுக்கறி மட்டும் கொத்தப்பட்ட பொதியில் கொழுப்பு ஓரிரு விழுக்காடே இருக்கலாம். அதனைக் கொண்டு உருண்டை செய்வது வீண் முயற்சி என்றே கூறலாம். எவ்வளவு கவனித்தாலும் மரத்தூள் போன்ற உலர்வு எஞ்சும். தொடைக்கறி கலந்த 93/7 அல்லது 85/15 வகையே ஏற்றது.

சூடேறும்போது இறைச்சியின் புரதங்கள் சுருங்கி நீரைப் பிழிந்து வெளியேற்றுகின்றன. மையோசின் என்னும் புரதம் ஏறத்தாழ 50 பாகை செல்சியசிலும், ஆக்டின் 66 பாகைக்கு மேலும் உருமாறத் தொடங்கும். இரண்டாவது மாற்றத்தின்போதே இழப்பு மிகுதி. மாட்டிறைச்சியில் உருகிய கொழுப்பு இவ்விழப்பை நாவுக்கு மறைத்துவிடும். வான்கோழியில் அதற்கு வழியில்லை.

பாலில் ஊறிய ரொட்டி

இக்குறையை ஈடுசெய்வது ரொட்டியும் பாலும் சேர்ந்த பசை. பிரெஞ்சுச் சமையலில் இது பனாடு எனப்படும். ரொட்டியின் மாச்சத்து பாலை உறிஞ்சிக் கூழாகி, சூட்டிலும் அந்நீரைப் பிடித்துவைக்கிறது. அத்துடன் இறைச்சிப் புரதங்கள் ஒன்றோடொன்று இறுகப் பின்னிக்கொள்வதையும் இடையில் நின்று தடுக்கிறது. பலர் எண்ணுவதுபோல் ரொட்டி இறைச்சியின் அளவைப் பெருக்குவதற்காக மட்டும் சேர்க்கப்படும் மலிவுப் பொருளன்று. தமிழ்நாட்டின் கோலா உருண்டையில் பொட்டுக்கடலை மாவு ஈரத்தை உறிஞ்சிக் கலவையைப் பிணைப்பது இதனுடன் ஒப்பிடத்தக்கது.

உலர்ந்த ரொட்டித்தூளை நேரடியாகக் கலவையில் தூவினால் அது இறைச்சியின் நீரையே உறிஞ்சும். ஆகவே முதலில் பாலில் ஊறவைத்தல் இன்றியமையாதது.

செய்முறை

ஏறத்தாழ 20 உருண்டைகளுக்கு வேண்டியவை: கொத்திய வான்கோழி இறைச்சி 500 கிராம், ரொட்டித்தூள் 40 கிராம், பால் 80 மில்லிலீட்டர், முட்டை 1, துருவிய சிறு வெங்காயம் ஒன்று, நசுக்கிய பூண்டு 2 பல், நறுக்கிய பார்சிலி சிறிதளவு, உப்பு ஒரு தேக்கரண்டி, மிளகுத்தூள் அரைத் தேக்கரண்டி. பார்மிசான் பாலாடைக்கட்டி 30 கிராம் சேர்ப்பின் சுவை கூடும். அப்போது உப்பைச் சற்றுக் குறைக்க வேண்டும்.

ஓவனை முன்கூட்டியே 200 பாகை செல்சியசுக்குச் சூடாக்க வேண்டும். ரொட்டித்தூளைப் பாலில் 5 முதல் 10 நிமிடம் ஊறவைத்துப் பசையாக்கி, அதனுடன் முட்டை, வெங்காயம், பூண்டு, பார்சிலி, உப்பு, மிளகுத்தூள் ஆகியவற்றை நன்கு கலக்க வேண்டும். பாலாடைக்கட்டி சேர்ப்பதாயின் அதனையும் இப்போதே சேர்க்கலாம். இறைச்சியைக் கடைசியில் சேர்த்து, விரல் நுனிகளால் மெதுவாகக் கலந்தால் போதும். சப்பாத்தி மாவுபோல் அழுத்திப் பிசைந்தால், உப்பில் கரைந்த மையோசின் ஒட்டும் வலைபோல் ஆகி, வெந்த உருண்டை இரப்பர்போல் துள்ளும். உப்புச் சரிபார்க்கப் பச்சைக் கலவையை நாவில் வைத்தல் கூடாது. ஒரு சிறு துண்டை வாணலியில் முழுமையாக வேகவைத்துச் சுவைத்துப் பார்க்கலாம்.

வான்கோழிக் கலவை கையில் ஒட்டும் இயல்புடையது. கலவையை 20 நிமிடம் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, கையை நீரில் நனைத்துக்கொண்டு உருட்டினால் எளிது. உருண்டை ஒவ்வொன்றும் 35 கிராம், அதாவது ஏறத்தாழ 4 செண்டிமீட்டர் விட்டம் உடையதாக இருக்கட்டும். அளவு ஒத்திராவிட்டால் சிறியவை உலரும்போது பெரியவை உள்ளே வேகாமல் இருக்கும். எண்ணெய் தடவிய தட்டில் இடைவெளி விட்டு அடுக்கி, மேலேயும் சிறிது எண்ணெய் தடவி, 18 முதல் 22 நிமிடம் சுட வேண்டும். நெருக்கி அடுக்கினால் வெளியேறும் நீராவியில் அவை அவிந்துவிடும். பொன்னிறமும் மணமும் தரும் மைலார்டு வினை நிகழ மேற்பரப்பு உலர்ந்திருக்க வேண்டும்.

தக்காளிக் குழம்பில் இட்டு இடியப்பம் போன்ற நூல்வடிவப் பாசுத்தாவுடன் உண்பது இத்தாலிய அமெரிக்கர் வழிவந்த வழக்கம்.

வெந்ததை அறிதல்

வெட்டாத இறைச்சித் துண்டில் கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்பிலேயே இருக்கும். கொத்தும்போது அம்மேற்பரப்பு முழுவதும் உள்ளே கலந்துவிடுகிறது. பல பறவைகளின் இறைச்சியும் ஒரே பொதியில் சேரக்கூடும். சால்மொனெல்லா இவற்றுள் குறிப்பிடத்தக்கது. 2011-இல் அமெரிக்காவில் சால்மொனெல்லா ஐடல்பெர்க் வகைத் தொற்றின் காரணமாக ஏறத்தாழ 3.6 கோடி பவுண்டு (1.6 கோடி கிலோகிராமுக்கு மேல்) கொத்திய வான்கோழி இறைச்சி திரும்பப் பெறப்பட்டது. 34 மாநிலங்களில் 136 பேர் நோயுற்றதாகக் கண்டறியப்பட்டது, ஒருவர் இறந்தார்.

எனவே அமெரிக்க வேளாண்மைத் துறை, கொத்திய மாட்டிறைச்சிக்கு 71 பாகை செல்சியசும், கோழி, வான்கோழி ஆகியவற்றுக்கு 74 பாகை செல்சியசும் உள்வெப்பநிலையாக அறிவுறுத்துகிறது. இதனை அறிய நம்பத்தக்க கருவி உணவு வெப்பமானி ஒன்றே. தட்டில் உள்ள மிகப் பெரிய உருண்டையின் பக்கவாட்டில் அதன் முனையைச் செருகி, நடுப்பகுதியில் அளக்க வேண்டும். அடியிலுள்ள தட்டைத் தொட்டால் அளவு பிழையாகும்.

நிறத்தை நம்புதல் ஆகாது. உரிய வெப்பநிலையை எட்டிய பின்னும் வான்கோழி இறைச்சி இளஞ்சிவப்பாகவே இருக்கக்கூடும். எரிவளி ஓவனில் உண்டாகும் வளிமங்கள் இறைச்சியின் நிறமியுடன் வினைபுரிந்து செந்நிறம் தருவது அதற்கு ஒரு காரணம். மறுபுறம், 74 பாகையை எட்டுமுன்பே வெளுத்துவிடும் இறைச்சியும் உண்டு. நிறத்தைக் கண்டு அஞ்சுவோர் மேலும் பத்து நிமிடம் சுட்டு உலர்த்திவிடுகின்றனர். நிறத்தை நம்பி முன்னரே எடுப்போர் நோய்க்கு இடம் தருகின்றனர். வெப்பமானி இருப்பின் 74 பாகையை எட்டியவுடன் வெளியே எடுத்துவிடலாம். உருண்டையின் ஈரம் காக்கப்படுவதும் இதனாலேயே.

தூய்மையும் சேமிப்பும்

பச்சை இறைச்சியைத் தொட்ட கை, பலகை, கத்தி ஆகியவற்றை வழலையிட்டுக் கழுவிய பின்னரே வேறு பொருளைத் தொட வேண்டும். உறைந்த இறைச்சியைச் சமையலறை மேடையில் வைத்து இளக்காமல் குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து இளக்குதல் நன்று. வாங்கிய கொத்துக்கறியை ஓரிரு நாள்களுக்குள் சமைத்துவிட வேண்டும்.

சுட்ட உருண்டைகளை 2 மணி நேரத்துக்குள் குளிரூட்டினால் 3 முதல் 4 நாள்கள் வைத்திருக்கலாம். தட்டில் தனித்தனியாக உறையவைத்துப் பின் பையிலிட்டால் ஒன்றோடொன்று ஒட்டா. குழம்பில் இட்டு உறையவைத்தால் உலர்தலும் குறையும். மீண்டும் சூடாக்கும்போதும் நடுப்பகுதி 74 பாகை செல்சியசை எட்ட வேண்டும்.