கடற்பாசியும் கிருமி எதிர்ப்பும்: ஆய்வகத் தட்டிலிருந்து மருந்து வரை

திருவண்ணாமலையில் ஏறத்தாழ 14 கி.மீ. நீளமுள்ள கிரிவலப் பாதையைப் பக்தர்கள் பலர் வெறுங்காலுடன் வலம் வருகின்றனர். நீரிழிவு நோயாளிகளுக்குக் காலில் ஏற்படும் சிறு காயமும் ஆறாத புண்ணாக மாறக்கூடும். புண்ணில் சீழ் பிடித்தால், அதன் மாதிரி ஆய்வகத்தில் அகார் தட்டில் வளர்க்கப்பட்டு, எந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படும் என்பது கண்டறியப்படுகிறது. அந்த அகார் கடற்பாசியிலிருந்து பெறப்படுவதாகும்.

அகார் தரும் பாசிகள்

மன்னார் வளைகுடாவில் மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி ஆகிய சிவப்புப் பாசிகள் அகார் தயாரிப்பிற்காகச் சேகரிக்கப்படுகின்றன. இராமநாதபுரம் மாவட்டக் கடலோரப் பெண்கள் கடலில் மூழ்கி இவற்றை எடுக்கின்றனர். பெரும்பாலான பாக்டீரியாக்களால் அகாரைச் செரிக்க இயலாது. உடல் வெப்பநிலையில் அது உருகுவதுமில்லை. இதனாலேயே 1880களில் இராபர்ட் கோக்கின் ஆய்வகம் முதல் இன்று வரை கிருமி வளர்ப்பில் அது பயன்படுகிறது.

பாசிகளில் உள்ள எதிர்ப்புப் பொருள்கள்

தம்மீது படரும் நுண்ணுயிர்களைத் தடுக்கப் பாசிகள் பல வேதிப்பொருள்களை உருவாக்குகின்றன.

• கட்டக்கோரை, பக்கோடாப் பாசி போன்ற பழுப்புப் பாசிகளில் உள்ள ஃப்ளோரோடானின்கள், பாக்டீரியாவின் செல் சவ்வைச் சிதைக்கக்கூடியவை.
• சிவப்புப் பாசிகளின் கந்தகம் சேர்ந்த சர்க்கரைப் பொருள்கள், சில வைரஸ்கள் செல்லில் ஒட்டுவதைத் தடுக்கின்றன.
• ஆஸ்திரேலியக் கடலின் டெலிசியா புல்க்ரா என்னும் பாசியிலுள்ள ஃபியூரனோன்கள், பாக்டீரியாக்கள் தமக்குள் பரிமாறும் வேதிச் சைகைகளைக் குலைக்கின்றன.

இவை மருந்தாகுமா?

பாசிச் சாறு தட்டில் கிருமியைத் தடுப்பது முதல் படி மட்டுமே. உடலில் அது போதிய அளவு இரத்தத்தில் கலக்கிறதா, மனித செல்களுக்குத் தீங்கு செய்கிறதா என்பவை தனியே ஆராயப்பட வேண்டும். பருவத்திற்கும் இடத்திற்கும் ஏற்பப் பாசியின் வேதிப்பொருள் அளவும் மாறுபடும். பாக்டீரியாத் தொற்றைக் குணப்படுத்தும் அங்கீகரிக்கப்பட்ட மருந்தாகக் கடற்பாசிச் சாறு எதுவும் தற்போது இல்லை.

கவனத்தில் கொள்ள வேண்டியவை

• புண்ணின் மீது பாசிப் பொடியையோ சாற்றையோ இடக் கூடாது.
• சில பாசிகளில் அயோடின் மிகுதி. தைராய்டு நோயாளிகளும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் பாசி மாத்திரைகளை உட்கொள்ளக் கூடாது.
• நீரிழிவு உள்ளவர்கள் கிரிவலம் முடிந்ததும் பாதங்களைச் சோதிக்க வேண்டும். சிவப்பு, வீக்கம், சீழ், காய்ச்சல் இருப்பின் உடனே மருத்துவமனைக்குச் செல்லவும்.
• நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகளைத் தாமாக வாங்கி உட்கொள்ளுதலையும், மருத்துவர் கூறும் முன்னரே நிறுத்துதலையும் தவிர்க்கவும்.