பழைய கணினிக்கு நாள் குறிப்பவர் யார்?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11-க்கு மாற டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் பிராசஸர் என்றால் அநேகமாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ இருக்க வேண்டும். எட்டாம் தலைமுறை சந்தைக்கு வந்ததே 2017-இல்தான். அதற்கு ஓராண்டு முன்பு நல்ல விலை கொடுத்து வாங்கிய லேப்டாப்பின் திரை இன்றும் பளிச்சென்று இருக்கலாம். எட்டு ஜிபி ராமும் எஸ்எஸ்டியுமாக விரைவாகவே ஓடலாம். ஆனாலும் விண்டோஸ் 11 ஏற்கும் கணினிகளின் பட்டியலில் அது இல்லை. பாகம் தேய்ந்து நிற்கும் எந்திரத்துக்கு யாரையும் குறைசொல்ல முடியாது. தேய்வதற்கு முன்பே நாள் குறித்து நிறுத்தினால், நாள் குறித்தவருக்கு அதில் பொறுப்பு உண்டு. அந்த நாள் தள்ளிவைக்கக்கூடியதுதான் என்பதற்குக் கூகுளே சாட்சி. குரோம்புக் கணினிகளுக்குப் பத்தாண்டுகள் வரை தானியங்கி அப்டேட் தருவதாக 2023 செப்டம்பரில் அது அறிவித்தது. ஏற்கெனவே விற்றுப்போன பல மாடல்களின் ஆயுளும் அதனால் நீண்டது. ஒரு திருகாணியைக்கூட யாரும் மாற்றவில்லை.

ஆதரவை நிறுத்தும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு. எல்லாக் காலத்துக்கும் உழைக்கும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் நிறுத்தும் நாளில், அந்தக் கணினியைத் தொடர்ந்து பேணத் தேவையானவற்றை மற்றவர்களிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் விலக வேண்டும். கைத்திறன் நம்மிடம் ஏராளமாக இருக்கிறது. கிடைக்காமல் தவிப்பது சரியான கோப்புகளும் வரைபடங்களும் அனுமதியும்தான்.

ஃபர்ம்வேர், அதாவது சிப்பிலேயே பதிந்திருக்கும் அடிப்படை நிரல், பழுதாவதை எடுத்துக்கொள்வோம். சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் லேப்டாப் சர்வீஸ் செய்பவர்களுக்கு இது பழகிய வேலை. பவர் பொத்தானை அழுத்தினால் விளக்கு எரியும், ஃபேன் சுற்றும், திரையில் மட்டும் எதுவும் வராது. ‘நோ டிஸ்ப்ளே’ என்பார்கள். காரணங்கள் பல இருக்கலாம். பயாஸ் அப்டேட் ஏறிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது அவற்றில் ஒன்று. கணினியை எழுப்பும் முதல் நிரலான பயாஸ், மதர்போர்டில் எட்டுக் கால்களோடு உளுந்தம்பருப்பு அளவில் உட்கார்ந்திருக்கும் ஒரு சிப்பில் இருக்கிறது. அதன் கொள்ளளவு பெரும்பாலும் 8 அல்லது 16 எம்பிதான். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் புரோகிராமர் கருவியை ஒரு கிளிப் மூலம் அதன் கால்களில் மாட்டி, உள்ளே இருப்பதைப் படிக்கலாம், அழிக்கலாம், திரும்ப எழுதலாம். அதற்குமுன் அந்தச் சிப் 3.3 வோல்ட்டா, 1.8 வோல்ட்டா என்று பார்க்க வேண்டும். தவறினால் சிப் எரிந்துபோகலாம். தேர்ந்த டெக்னீஷியன் இருமுறை படித்து, இரண்டு பிரதிகளையும் ஒப்பிடுவார். வேறுபட்டால் கிளிப் சரியாக உட்காரவில்லை என்று பொருள். பழைய பிரதியைத் தூக்கியும் போட மாட்டார். கணினியின் சீரியல் எண், விண்டோஸ் உரிமக் குறியீடு போன்றவை அதற்குள்தான் இருக்கும். அவற்றை எடுத்துப் புதிய கோப்பில் பொருத்தியாக வேண்டும். இன்டெல் மேனேஜ்மென்ட் என்ஜின் என்ற பகுதி பழுதாக இருந்தால், பல மாடல்கள் எழுந்து அரை மணி நேரத்தில் தாமாகவே அணைந்துவிடும். அதையும் சரிசெய்ய வேண்டும்.

இவ்வளவு நுணுக்கமான வேலைக்கு மூலப்பொருள் எங்கிருந்து வருகிறது? தயாரிப்பாளர் பழைய மாடலின் பக்கத்தை இணையதளத்திலிருந்து எடுத்துவிட்டால், அதே மாதிரியான இன்னொரு போர்டிலிருந்து யாரோ படித்தெடுத்த கோப்புதான் கதி. அதில் யார் எதைச் சேர்த்திருக்கிறார்கள் என்று அறிய வழியில்லை. பாதுகாப்புக் கருதித்தான் கொடுக்கவில்லை என்று நிறுவனங்கள் சொல்வதுண்டு. கொடுக்காததால் பழுதுபார்ப்பது நிற்கவில்லை. ஊர்பேர் தெரியாத கோப்பை வைத்து நடக்கிறது. ஆபத்து அதனால் கூடத்தான் செய்கிறது.

பயன்பாட்டு மென்பொருளிலும் இதே கதைதான். தமிழ்ப் பதிப்புலகத்தை இது நேரடியாகத் தொடுகிறது. டிடிபி வந்த காலத்திலிருந்து எத்தனையோ தமிழ் நூல்களும் இதழ்களும் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் உருவானவை. 2001-இல் வந்த 7.0 தான் அதன் கடைசிப் பெரும் பதிப்பு. அந்தக் கோப்புகளில் எழுத்துகள் யூனிகோடில் இல்லை. எழுத்துரு விற்றவர் வகுத்த தனிக் குறியேற்றத்தில் இருக்கின்றன. மென்பொருளும் அந்த எழுத்துருவும் சேர்ந்து கிடைக்காவிட்டால் ஒரு நாவல் முழுவதும் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பையாகத் தெரியும். புதிய கணினிக்குள் மெய்நிகர் கணினி ஒன்றை அமைத்து, அதில் பழைய விண்டோஸை ஏற்றி, பேஜ்மேக்கரைத் திறந்து, உரையை யூனிகோடுக்கு மாற்றி மீட்கலாம். தொழில்நுட்பத்தில் சிக்கல் குறைவு. விற்பனையே நின்றுபோன மென்பொருளுக்கு முறையான உரிமம் எங்கே வாங்குவது என்பதுதான் கேள்வி. தன் சொந்தப் புத்தகத்தைத் திறக்க ஒரு பதிப்பாளர் சட்டத்தின் ஓரத்தில் நிற்க வேண்டியிருப்பது அநியாயம்.

பழைய கணினியை இணையத்தில் விட்டால் வைரஸ் புகும் என்ற மறுப்பில் உண்மை இருக்கிறது. 2017 மே மாதம் வான்னாகிரை என்ற தீநிரல் உலகைத் தாக்கியபோது, 2014-இலேயே கைவிட்ட விண்டோஸ் எக்ஸ்பிக்கும் மைக்ரோசாஃப்ட் அவசரமாகத் திருத்தம் வெளியிட்டது. ஆனால் அன்று பெரும்பாலும் அடிபட்டவை எக்ஸ்பி கணினிகள் அல்ல. ஆதரவில் இருந்தும் திருத்தத்தை ஏற்றாமல் விட்ட விண்டோஸ் 7 கணினிகள். ஆபத்து வயதால் வருவதைவிடத் திருத்தம் ஏறாததால்தான் வருகிறது. அதே பழைய லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றினால் திருத்தங்கள் தொடர்ந்து வரும். நிரலைத் திறந்து வைத்தால் பாதுகாப்புப் போய்விடும் என்பதும் எடுபடவில்லை. 1999-இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் லினக்ஸ்பயாஸ் என்று பிறந்து, பின்னர் கோர்பூட் எனப் பெயர் மாறிய திறந்த ஃபர்ம்வேரைத்தான் கூகுள் தன் குரோம்புக்குகளில் பயன்படுத்துகிறது.

நிறுவனத்தின் சொத்துரிமை என்னாவது என்பது அடுத்த மறுப்பு. முப்பரிமாண மென்பொருளான பிளெண்டரை உருவாக்கிய டச்சு நிறுவனம் 2002-இல் மூடப்பட்டபோது, மூலநிரலை விடுவிக்க 1,00,000 யூரோ விலை பேசப்பட்டது. பயனர்கள் ஏழே வாரத்தில் அதைத் திரட்டிவிட்டார்கள். சொத்துக்கு உரியவர்களும் விலை பெற்றார்கள். அந்த பிளெண்டரில் உருவான ‘ஃப்ளோ’ என்ற லாட்வியப் படம் 2025-இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் பெற்றது. பயாஸில் பிற நிறுவனங்களின் நிரல் கலந்திருப்பதால் மூலநிரல் முழுவதையும் தர முடியாது என்பது நியாயமான பதில். முழு மூலநிரல் இல்லாமலும் வேலை நடக்கும். கடைசிப் பதிப்புக் கோப்பு, போர்டின் வரைபடம், பூட்டைத் திறக்கும் வழி ஆகிய மூன்றும் போதும்.

மூன்றாவதுதான் கடினம். இன்டெல் பூட்கார்டு செயல்படுத்தப்பட்ட கணினிகளில், தயாரிப்பாளர் கையொப்பமிடாத ஃபர்ம்வேர் ஓடாது. அதற்கான சாவியின் அடையாளம் தொழிற்சாலையிலேயே சிப்செட்டில் அழிக்க முடியாதபடி பதிந்துவிடுகிறது. திருடர்களிடமிருந்து காக்கும் நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஆதரவு முடிந்தபின் கணினியின் சொந்தக்காரரையும் அது வெளியே நிறுத்துகிறது. பத்தாண்டு கழித்து இதைச் சரிசெய்ய முடியாது. கணினி விற்பனைக்கு வரும் முன்பே அதற்கான விதி இருக்க வேண்டும். மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022-இல் பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளத்தைத் தொடங்கியது. திருகாணி, பேட்டரி, உதிரிபாகம் ஆகியவற்றோடு ஃபர்ம்வேரையும் அந்த உரிமையில் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் இந்தக் கணினிகளும் குப்பைக்குத்தான் போகும். 2022-இல் உலகில் குவிந்த மின்கழிவு 6.2 கோடி டன். முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகக் கணக்கில் வந்தது அதில் 22.3 சதவீதம்தான்.

புதுக் கணினி வாங்கும்போது விலையையும் ராமையும் விசாரிப்பதோடு, எந்த ஆண்டு வரை பயாஸ் அப்டேட் வரும் என்றும் கேளுங்கள். வீட்டில் ஏற்கெனவே ஒரு பழைய லேப்டாப் இருந்தால், அதன் மாடலுக்கான கடைசி பயாஸ் கோப்பைத் தயாரிப்பாளரின் இணையதளத்திலிருந்து இறக்கி ஒரு பென் டிரைவில் பத்திரப்படுத்துங்கள். அந்தப் பக்கம் அடுத்த ஆண்டும் அங்கே இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.