பெட்டி நம்முடையது, சிப் யாருடையது?

எலெக்ட்ரானிக்ஸ் உற்பத்தி பத்தாண்டுகளில் ஆறு மடங்கு பெருகிவிட்டது. ஆனால் இந்தத் தொழில் உண்மையிலேயே ஆரோக்கியமாக இருக்கிறதா? விடையில் பாதி ஹைதராபாத்தின் ஒரு குன்றடியில் இருக்கிறது.

மௌலா அலி குன்றின் நானூற்றுச் சொச்சம் படிகளை மூச்சிரைக்க ஏறி, குதுப் ஷாஹி காலத்து தர்காவின் வாசலில் நின்றால் கீழே விரிவது ஒரு தொழில் வரைபடம். ரயில் தண்டவாளங்கள், லோகோ ஷெட், தொழிற்பேட்டையின் தகரக் கூரைகள், 1971-ல் தொடங்கிய அணு எரிபொருள் வளாகம். அதையடுத்து இந்திய எலெக்ட்ரானிக்ஸ் கழகம், அதாவது இ.சி.ஐ.எல். அந்தப் பகுதியின் பஸ் நிலையத்துக்கே 'இ.சி.ஐ.எல். எக்ஸ் ரோடு' என்றுதான் பெயர். பக்கத்துக் குடியிருப்பு ஏ.எஸ். ராவ் நகர். அந்தக் கழகத்தை நிறுவி வளர்த்த விஞ்ஞானியின் பெயர் அது.

இந்தக் கழகத்தின் கதை 1962 சீன யுத்தத்தின் காயத்திலிருந்து தொடங்குகிறது. தகவல் தொடர்புச் சாதனங்களுக்கு வெளிநாட்டை நம்பியிருப்பது ஆபத்து என்று அரசு உணர்ந்தது. 1963-ல் ஹோமி பாபா தலைமையில் ஒரு குழு அமைந்தது. பத்தே ஆண்டுகளில் தன்னிறைவு என்பது அந்தக் குழு 1966-ல் கண்ட கனவு. அடுத்த ஆண்டே அணுசக்தித் துறையின் கீழ் இ.சி.ஐ.எல். பிறந்தது. 1969-ல் டி.டி.சி.-12 கம்ப்யூட்டரைத் தயாரித்து வெளியிட்டது. எழுபதுகளில் இ.சி. டி.வி. நடுத்தர வர்க்கத்தின் வரவேற்பறைகளில் ஒரு கௌரவச் சின்னம். 1975-ல் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் ஒளிபரப்பைத் தொடங்கியபோது வாங்கிய பெட்டியை மூடி வைக்கும் மரக் கதவுகளைக்கூடப் பலர் மறந்திருக்க மாட்டார்கள்.

பிறகு என்ன ஆயிற்று? 1982 டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியோடு கலர் வந்தது. வெளிநாட்டு உதிரிபாகங்களை வாங்கிப் பூட்டி விற்பது சுலபமான வியாபாரமாயிற்று. சென்னையின் டயனோரா, சாலிடேர் தொடங்கி தனியார் பிராண்டுகள் பெருகின. விளம்பரத்திலும் விலையிலும் அரசு நிறுவனத்தால் ஈடுகொடுக்க முடியவில்லை. தொண்ணூறுகளின் பிற்பாதியில் கொரியக் கம்பெனிகள் நுழைந்தபோது உள்நாட்டு பிராண்டுகளுக்கே மூச்சு முட்டியது. இ.சி. டி.வி. சந்தையிலிருந்து மறைந்தது.

1997-ல் இந்தியா தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் சேர்ந்தது இன்னொரு திருப்பம். கம்ப்யூட்டர், தொலைபேசி, சிப் உள்பட 217 வகைப் பொருட்களுக்கான இறக்குமதி வரி படிப்படியாகக் குறைந்து 2005-க்குள் பூஜ்யமாயிற்று. சாஃப்ட்வேர் துறைக்கு மலிவான கம்ப்யூட்டர்கள் கிடைத்தன. ஆனால் அவற்றை இங்கேயே செய்ய நினைத்தவர்களுக்குப் பாதுகாப்பு போய்விட்டது. மென்பொருளில் ராஜா, வன்பொருளில் வாடிக்கையாளர் என்ற நிலை அப்படித்தான் உருவானது.

போட்டிச் சந்தையில் தோற்ற இ.சி.ஐ.எல். வேறு இடத்தில் பிழைத்துக்கொண்டது. 1982-ல் கேரளத்தின் பரவூர் தொகுதியில் முதன்முதலாகப் பயன்பட்ட மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் அதன் தயாரிப்பு. இன்று நாட்டின் வாக்கு இயந்திரங்களைச் செய்வது இ.சி.ஐ.எல்.லும் பெங்களூரின் பி.இ.எல்.லும்தான். 2008-ல் சந்திரயானின் குரலைக் கேட்ட பயலாலு கிராமத்தின் 32 மீட்டர் ஆண்டெனாவை நிறுவியதும் இதே கழகம். தன் கையால் வரைந்து தன் கையால் செய்த திறமை அழியவில்லை. ஆனால் அரசு ஆர்டரை நம்பியே வாழ்கிறது.

மறுபக்கத்தில் இன்றைய புள்ளிவிவரங்கள் மயக்கம் தருபவை. அரசுக் கணக்குப்படி 2014-15-ல் 1.9 லட்சம் கோடி ரூபாயாக இருந்த எலெக்ட்ரானிக்ஸ் உற்பத்தி 2024-25-ல் 11.3 லட்சம் கோடியைத் தொட்டது. மொபைல் போன் மட்டும் 18,000 கோடியிலிருந்து 5.45 லட்சம் கோடிக்குத் தாவியது. 2020-ல் அறிவிக்கப்பட்ட 40,951 கோடி ரூபாய் ஊக்கத் திட்டம் இதற்கு முக்கிய உந்துதல். ஏற்றுமதியில் முன்னணியில் இருப்பது தமிழகம்: 2024-25-ல் சுமார் 1,465 கோடி டாலர்.

ஆனால் ஒரு போனின் விலையில் இந்திய மண்ணில் சேரும் மதிப்பு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். சிப், திரை, கேமரா ஆகியவற்றில் பெரும்பகுதி கப்பலிலோ விமானத்திலோ வருகிறது. எலெக்ட்ரானிக்ஸ் இறக்குமதிக்காக 2023-24-ல் நாடு கொடுத்தது ஏறத்தாழ 9,000 கோடி டாலர். இதில் பெரும் பங்கு சீனாவுக்கும் ஹாங்காங்குக்கும். யுத்த பயத்தில் பிறந்த ஒரு தொழில், அறுபது ஆண்டுகள் கழித்து அதே அண்டை நாட்டின் உதிரிபாகங்களை நம்பி நிற்பது விசித்திரம்தான்.

பூட்டும் தொழில் எவ்வளவு வேகமாக வருமோ அவ்வளவு வேகமாகப் போகவும் கூடும். இதைத் தமிழகத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் தொடங்கிய நோக்கியா ஆலை, ஆயிரக்கணக்கானோருக்கு வேலை தந்து, வரித் தகராறில் சிக்கி, 2014 நவம்பரில் கதவை மூடியது.

சிப் தயாரிப்பிலும் பழைய கணக்கு பாக்கியிருக்கிறது. மொஹாலியில் எண்பதுகளில் தொடங்கிய அரசு சிப் ஆலை 1989-ல் தீ விபத்தில் நாசமானது. நாடு இழந்த நேரத்தை மீட்க முடியவில்லை. 2021 டிசம்பரில்தான் 76,000 கோடி ரூபாயில் மீண்டும் முயற்சி தொடங்கியது. 2025-ல் உதிரிபாகங்களுக்கென்றே 22,919 கோடியில் தனித் திட்டம் வந்தது. தாமதம்தான், ஆனால் கை வைத்திருப்பது சரியான இடத்தில்.

நம்பிக்கைக்கு மௌலா அலி வட்டாரத்திலேயே ஆதாரம் உண்டு. பக்கத்து நாச்சாரத்தின் மேதா நிறுவனம் ரயில்களுக்கான மின்னணுச் சாதனங்களைச் செய்கிறது. பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் உருவாகி 2019-ல் ஓடத் தொடங்கிய முதல் வந்தே பாரத்தை இழுக்கும் மின் அமைப்பு அதனுடையது. ரயில் மோதலைத் தடுக்கும் 'கவச்' கருவிக்கு முதலில் அங்கீகாரம் பெற்ற மூன்று கம்பெனிகளும் ஹைதராபாத்தைச் சேர்ந்தவையே. இந்த நகரம் கவச் சாதனத்தில் முந்தியது தற்செயல் அல்ல. அரசு ஆய்வகங்களும் ஆலைகளும் ஐம்பது ஆண்டுகளாக வளர்த்த எஞ்சினீயர்களும் லேத் பட்டறைகளும் இங்கே இருக்கின்றன.

அந்தப் பட்டறைகள்தான் இந்தத் தொழிலின் அடித்தளம். சர்க்யூட் போர்டு, டிரான்ஸ்ஃபார்மர், தகட்டுப் பெட்டி, ஒயர் கட்டு என்று பெரிய ஆலைக்குத் தேவையானதைச் செய்து தருபவை. சிறுதொழில்களுக்கு 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது 2006-ம் ஆண்டுச் சட்டம். சரக்கு போய் மாதக்கணக்கில் பணம் வராவிட்டால் புது மெஷின் வாங்கப் பட்டறைக்காரரிடம் எதுவும் மிஞ்சாது. ஊக்கத்தொகை பெரியவர்களோடு நின்றுவிட்டால் உதிரிபாகத் தன்னிறைவு காகிதத்திலேயே தங்கிவிடும்.

இன்று ஏ.எஸ். ராவ் நகரின் கடைகளில் அடுக்கியிருப்பவை கொரிய, சீனப் பெயர் தாங்கிய டி.வி.கள். பல இந்தியாவிலேயே பூட்டப்பட்டவை. ஆனால் அவற்றின் வரைபடம் இங்கே பிறந்ததல்ல. உற்பத்தி இன்னும் சில லட்சம் கோடி கூடும் என்பதில் சந்தேகம் வேண்டாம். வரைபடமும் இங்கேயே பிறக்குமா என்பதில்தான் இந்தத் தொழிலின் எதிர்காலம் இருக்கிறது.