நண்பகலில் ஓர் இரவுணவு

மனிதன் பசி தீர்ப்பதற்காக மட்டும் உண்பதில்லை. திருமணப் பந்தியில் உண்பதும், நெடும்பயணத்தின் நடுவே மரநிழலிற் கட்டுச்சோற்றை அவிழ்த்து உண்பதும் ஒரே சோறாயினும் ஒரே சுவை உடையனவல்ல. உண்ணும் இடமும் உடனிருந்து உண்போரும் சுவையிற் பங்கு கொள்கின்றனர். இவ்வுண்மையைத் தொழிலாக வளர்த்தெடுத்தவர்கள் மேனாட்டுக் கேளிக்கைப் பூங்காக்களை அமைத்தோர். அங்குள்ள சில உணவுச்சாலைகளில் விருந்தினர் ஒரு கதைக்குள்ளே அமர்ந்து உண்கின்றனர். அக்கதை எவ்வாறு கட்டப்படுகிறது, அதனாற் குடும்பங்கள் அடைவது யாது என்பன ஆராயத்தக்கவை.

இவ்வெண்ணம் முற்றிலும் புதியதன்று. 1890களிற் பாரிஸ் நகரத்தின் மொன்மார்த்ர் பகுதியில் இத்தகைய கேளிக்கை விடுதிகள் இருந்தன. ஒன்று சொர்க்கம் போலவும், ஒன்று நரகம் போலவும் அலங்கரிக்கப்பட்டிருந்தன. மற்றொன்றிலோ சவப்பெட்டிகளே மேசைகளாக இடப்பட்டிருந்தன. அவை பெரியோரின் இரவுக் கேளிக்கைக்கு உரியவை. பாட்டியும் பேரனும் ஒரே மேசையில் அமரத்தக்க கதையைத் தேடியது பின்வந்த காலமாகும்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், அனஹைம் என்னும் ஊரிலே, முன்னர் தோடை மரங்கள் நின்ற நிலத்தில், வால்ட் டிஸ்னி 1955ஆம் ஆண்டு யூலை மாதம் 17ஆம் நாள் டிஸ்னிலாந்துப் பூங்காவைத் திறந்து வைத்தார். எட்டு ஆண்டுகளின் பின்னர் அங்கே இயந்திரப் பறவைகள் பாடும் ஒரு மண்டபம் எழுந்தது. அதனை ஓர் உணவுச்சாலையாக அமைப்பதே முதல் எண்ணமாக இருந்தது. ஆனாற் பறவைகள் தலையசைத்துப் பாடும்போது எவர் மேசையை விட்டு எழுவார்? அடுத்து வருவோருக்கு இடம் எவ்வாறு கிடைக்கும்? ஈற்றில் உணவு கைவிடப்பட்டது. 1963ஆம் ஆண்டில் அம்மண்டபம் காட்சிக்கு மட்டுமே திறக்கப்பட்டது. காட்சி மிகுந்தால் உணவு தோற்கும் என்பது இதனால் விளங்கும்.

அப்பூங்காவில் நியூ ஒர்லீன்ஸ் நகரத்தின் பழைய தெருக்களைப் போன்று அமைந்த பகுதி 1966ஆம் ஆண்டு யூலையில் திறக்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பர் மாதம் 15ஆம் நாள் டிஸ்னி காலமானார். அடுத்த ஆண்டு மார்ச்சு மாதத்தில் அப்பகுதியிலே 'புளூ பேயூ' என்னும் உணவுச்சாலை திறக்கப்பட்டது. 'பேயூ' என்பது லூசியானா மாநிலத்தில் மெல்ல ஓடும் சேற்று நீரோடைக்குப் பெயர். சொக்ரோ என்னும் அமெரிக்கப் பழங்குடியினரின் மொழியிலிருந்து பிரெஞ்சுக்காரர் வாயிலாக வந்த சொல் அது. தமிழிலே 'நீலக் கழி' எனலாம்.

ஒரு குடும்பம் நண்பகலில் அங்கே நுழைவதாக வைத்துக்கொள்ளலாம். பாட்டி, பெற்றோர், பதினைந்து வயது மகள், ஆறு வயது மகன் என ஐவர். காலை முதல் அவர்கள் ஒன்றாக இருந்ததில்லை. விரைந்து சுழலும் ஊர்திக்கு மகள் ஓடினாள். உயரம் போதாத சிறுவன் வெளியே நின்று அழுதான். கால்வலியாற் பாட்டி வாங்கிலே அமர்ந்துவிட்டார். தாயும் தந்தையும் வெவ்வேறு வரிசைகளிற் காத்து நின்றனர். கேளிக்கைப் பூங்கா குடும்பத்தை மகிழ்விக்கும் இடமேயாயினும், வயதாலும் உயரத்தாலும் அதனைப் பிரித்தும் வைக்கிறது. ஐவரும் ஒன்று கூடும் பொழுது உணவுப் பொழுதே.

கதவைத் தாண்டியதும் வெயில் மறைகிறது, இரவு சூழ்கிறது. மேலே கருநீல வானம். சரமாகத் தொங்கும் காகிதக் கூண்டு விளக்குகளின் மங்கிய ஒளி. எதிரே நீரோடை, அதன் அக்கரையில் இருண்ட மரங்கள், அவற்றிடையே மின்மினிகள். தவளைகளும் சில்வண்டுகளும் ஒலிக்கின்றன. உண்மையில் அது கூரையால் மூடப்பட்ட கட்டடம். மின்மினிகள் நுண்ணிய விளக்குகள். தவளையொலி ஒலிபெருக்கியிலிருந்து வருவது. ஆயினும் உள்ளே வந்தவரின் குரல் தானாகவே தாழ்ந்துவிடுகிறது.

இம்மயக்கத்திற்குக் கண்ணின் இயல்பும் துணை செய்கிறது. பேரொளியிலிருந்து இருளுக்குள் வந்தவரின் கண் ஓரளவு பழகச் சில நிமிடங்கள் செல்லும்; முற்றாகப் பழக ஏறக்குறைய அரைமணி நேரம் வேண்டும். மங்கிய ஒளியிலே சிவப்பு நிறம் முதலிற் கறுத்துவிடும். நீலமும் பச்சையும் அதன் பின்னரும் துலங்கும். அந்திப் பொழுதிற் செம்மலர் கறுத்துத் தோன்ற, அதன் இலைகள் தெளிவாகத் தெரிவது இதனாலேயே. செக் நாட்டு உடலியல் அறிஞர் புர்க்கினே இதனை 19ஆம் நூற்றாண்டில் எடுத்துக்காட்டினார். எனவே நீலம் தோய்ந்த மங்கிய ஒளியைக் கண்டதும் மனம் அதனை இரவென்றே கொள்கிறது. வேளை செல்லச் செல்லக் கண் பழகி, முன்னர்த் தெரியாத மரக்கிளைகளும் தெரியத் தொடங்குகின்றன. ஒருவரும் எதனையும் மாற்றாமலே காட்சி வளர்கிறது.

நீரோடையிலே அவ்வப்போது ஒரு படகு செல்கிறது. கடற்கொள்ளையரின் கதையைக் காட்டும் பயணத்திற்குப் புறப்பட்டோர் அதில் அமர்ந்திருக்கின்றனர். அப்பயணமும் உணவுச்சாலையும் ஒன்றாகத் திறக்கப்பட்டவை. ஒரே நீரோரத்தைப் பங்கிட்டுக் கொள்பவை. படகிற் செல்வோருக்கு, விளக்கொளியில் விருந்துண்போர் ஒரு காட்சி. விருந்துண்போருக்கு, இருளில் மிதந்து செல்லும் படகு ஒரு காட்சி. சிறுவன் கையசைக்கிறான்; அறிமுகமில்லாத ஒருவர் படகிலிருந்து கையசைக்கிறார். அவ்வளவே நிகழ்ச்சி. பாடுவோரும் ஆடுவோரும் அங்கில்லை. ஒரு படகுக்கும் மறு படகுக்கும் இடையிலே பேசுவதற்குப் பொழுதிருக்கிறது. இவ்வடக்கமே இவ்வுணவுச்சாலையின் சிறப்பு.

மேசைக்கு வரும் உணவும் லூசியானாவைச் சார்ந்ததே. 'கம்போ' என்னும் குழம்பு அவற்றுள் ஒன்று. அப்பெயர் ஆபிரிக்க மொழியொன்றில் வெண்டிக்காயைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. மாவைக் கொழுப்பில் வறுத்துக் குழம்பைத் தடிப்பாக்கும் முறை பிரெஞ்சுக்காரருடையது. அதிலே தூவும் சசபிராசு இலைத்தூள் சொக்ரோ மக்கள் கொடுத்தது. வெண்டிக்காயைச் சமைக்கத் தெரிந்தவர்கள் அந்நாட்டிற்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கர். பழைய மாளிகையின் முற்றம் போன்று அழகாக அமைக்கப்பட்ட அவ்விடம் அந்தத் துயர வரலாற்றைச் சொல்வதில்லை. தேடுவோருக்கு அதனைச் சொல்வது குழம்புக் கிண்ணமே. பாட்டி அதனைச் சொன்னால் மகள் கேட்பாள்; அந்த மேசையில் அதற்கு நேரமுண்டு.

எல்லா உணவுச்சாலைகளும் இவ்வாறு இடம் கொடுப்பதில்லை. புளோரிடா மாநிலத்தில் 1991ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஒன்று, காரிலிருந்தவாறே படம் பார்க்கும் திறந்தவெளிப் படக்கொட்டகையைப் போன்றது. அத்தகைய கொட்டகை முதன்முதலில் 1933ஆம் ஆண்டு நியூ ஜேர்சி மாநிலத்திலே தோன்றியது. இவ்வுணவுச்சாலையில் பழைய கார்களின் வடிவிலே இருக்கைகள். ஒன்றன்பின் ஒன்றாக அமர்ந்து, திரையிற் பழைய விஞ்ஞானக் கற்பனைப் படத்துண்டுகளைப் பார்த்தபடி விருந்தினர் உண்கின்றனர். சிறுவர்க்கு அது பெருங்களிப்பு. ஆயினும் தாய் தன் பிள்ளைகளின் முகத்தைப் பார்ப்பதில்லை, பிடரியைப் பார்க்கிறாள். பாரிஸ் நகரத்தருகே 2014ஆம் ஆண்டு திறக்கப்பட்ட மற்றொன்றிலோ, சமையற்கலை வல்ல எலியின் கதைக்கேற்ப நாற்காலிகளும் தட்டுகளும் பேருருக் கொண்டுள்ளன. அங்கே அமர்ந்தவர் எலியளவாகச் சுருங்கிவிட்டதாக உணர்கின்றனர். பெரியவரும் சிறியவரும் ஒரே அளவாகிவிடுவதால் அம்மேசையிற் சிரிப்புக்குக் குறைவில்லை.

இத்தகைய உணவு மலிவானதன்று. முன்கூட்டியே இடம் ஒதுக்கிக்கொள்ளுதல் பெரும்பாலும் வேண்டப்படுகிறது. விலைப்பட்டியலைப் பார்க்கும் தந்தை, குழம்பின் விலையோடு வானத்தின் விலையும் அதில் அடங்கியிருப்பதை அறிவார். இவ்வளவு கொடுத்தோமே என்னும் நினைவு சில பெற்றோரைக் கடுமையாளராக்கி விடுவதுண்டு. 'பார், இரசி, படமெடு' என்று பிள்ளைகளை ஏவத் தொடங்கினால், விலை கொடுத்து வாங்கிய அமைதி அக்கணமே கலைந்துவிடும். மகள் கைப்பேசியிலே மூழ்கினால், கருநீல வானமும் அவளை மீட்கமாட்டாது. இடத்தைச் சமைப்போர் இருளையும் ஓசையையும் தரலாம். உரையாடலைத் தர அவர்களால் இயலாது.

உண்டு முடிந்த வேளையிற் சிறுவன், "பாட்டி, இங்கே எப்போது விடியும்?" என்று கேட்கக்கூடும். அது கூரையென்றும், மின்மினிகள் விளக்குகளென்றும் விளக்கிச் சொல்லலாம், அதிற் பிழையில்லை. அறிவுள்ள பாட்டியோ, "நாம் எழுந்து வெளியே போனவுடன் விடிந்துவிடும்" என்பார். அது பொய்யுமன்று. கதவு திறந்ததும் நண்பகல் வெயில் கண்ணைக் கூசச் செய்கிறது. ஐவரும் மீண்டும் வெவ்வேறு வரிசைகளுக்குப் பிரிந்து செல்வர். ஆயினும் ஒரு மணி நேரம் ஐவருக்கும் ஒரே இரவு இருந்தது. வீட்டிலுள்ள எளிய மேசையும் ஒருவரையொருவர் நோக்கி அமர்வோருக்கு அதனைத் தரவல்லது என்பதை அவர்கள் அங்கிருந்து கற்றுச் செல்வார்களாயின், கொடுத்த விலை வீண் போகாது.