வீரரின் கணக்கைத் தணிக்கை செய்பவர் யார்?



வளர்ந்த பிள்ளைகள் வாங்கிவரும் சில காமிக்ஸ் புத்தகங்களைப் புரட்டிப் பார்க்கும் பெற்றோர் திகைத்துப் போகிறார்கள். கதாநாயகனே மனநல மருத்துவர் முன்னால் உட்கார்ந்திருக்கிறான். அவனுக்கும் வில்லனுக்கும் என்ன வித்தியாசம் என்று கதையே கேட்கிறது. இந்தக் கேள்வி எப்படி வந்தது என்பதை இம்மாதம் பார்ப்போம்.

பேட்மேன் 1939இல் அமெரிக்காவில் அறிமுகமானார். கண்ணெதிரே பெற்றோரைப் பறிகொடுத்த சிறுவன், வளர்ந்ததும் வௌவால் வேடமிட்டு இரவில் குற்றவாளிகளைத் தேடிப்போய் அடிக்கிறான். யோசித்துப் பார்த்தால் இது சாதாரண மனிதன் செய்கிற காரியமா? ஆனால் அந்நாளைய கதைகள் இதை அரிதாகவே கேட்டன. காமிக்ஸ் படித்துச் சிறுவர்கள் கெட்டுப்போகிறார்கள் என்று எழுந்த கூச்சலை அடுத்து, 1954இல் அமெரிக்கப் பதிப்பாளர்கள் தாங்களே ஒரு விதித்தொகுப்பை வகுத்துக்கொண்டார்கள். நன்மையே எப்போதும் வெல்ல வேண்டும் என்பது அதில் ஒரு விதி.

பிரிட்டனில் கதை வேறு. 1962இல் 'வேலியண்ட்' வார இதழில் ஒரு நாயகன் வந்தான். ஆய்வுக்கூட உதவியாளன், ஒரு கை இரும்பினால் ஆனது. மின்சாரம் பாய்ந்தால் அந்தக் கை மட்டும் தெரியும், உடல் மறைந்துவிடும். யாரென்று புரிந்திருக்கும். 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழில் தமிழுக்கு வந்த நம் இரும்புக்கை மாயாவிதான்! ஆங்கில மூலத்தின் தொடக்கத்தில் அவன் நல்லவனாக இல்லை. தன்னை யாரும் பார்க்க முடியாது என்றானதும் சக்தி தலைக்கேறிக் குற்றங்களில் இறங்குகிறான். பிறகுதான் திருந்தி உளவாளியாகிறான்.

1980களில் அமெரிக்காவில் காமிக்ஸ் மட்டும் விற்கும் கடைகள் பெருகின. பழைய விதிக்குக் கட்டுப்படாத, பெரியவர்களுக்கான கதைகளை அங்கே விற்க முடிந்தது. 1986இல் ஃபிராங்க் மில்லர் 'தி டார்க் நைட் ரிட்டர்ன்ஸ்' என்ற கதையைத் தந்தார. அதில் பேட்மேனுக்கு வயது 55; ஓய்வு பெற்றுப் பத்து ஆண்டுகள் ஆகின்றன. மீண்டும் வேடம் தரிக்கிறார். இவர்தான் குற்றவாளிகளை உருவாக்குகிறார் என்று ஒரு மனநல மருத்துவர் தொலைக்காட்சியில் வாதிடுகிறார். அந்த மருத்துவரைக் கதை கேலி செய்கிறது; தான் குணமாகிவிட்டதாகச் சொன்ன ஜோக்கராலேயே அவர் கொல்லப்படுகிறார். ஆனால் பேச்சு மூச்சின்றி உறைந்து கிடந்த ஜோக்கர் விழித்தெழுந்ததே, பேட்மேன் திரும்பிவிட்டார் என்ற செய்தியைக் கேட்டுத்தான். ஆகவே கேள்வி அப்படியே நிற்கிறது.

அதே ஆண்டு ஆலன் மூர் எழுதி டேவ் கிப்பன்ஸ் வரைந்த 'வாட்ச்மென்' 12 இதழ்களாக வெளிவரத் தொடங்கியது. முகமூடி வீரர்களை 1977இல் சட்டம் தடை செய்துவிட்ட ஓர் உலகம் அது. ரோர்ஷாக் என்பவன் மட்டும் அடங்க மறுக்கிறான். பிடிபட்டதும் சிறையில் ஒரு மருத்துவர் மைக்கறைப் படங்களைக் காட்டி அவன் மனத்தைச் சோதிக்கிறார். முதலில் அவன் பொய்யான, இனிய பதில்களைச் சொல்கிறான். உண்மையைச் சொல்லத் தொடங்கியதும் மருத்துவரின் தூக்கமும் குடும்ப அமைதியும் குலைகின்றன.

இக்கதைகள் கேட்பது "இவனுக்குப் பைத்தியமா?" என்பதை மட்டும் அல்ல. கணக்காளனாக எனக்கு அவற்றில் வேறொன்று தெரிகிறது. எங்கள் தொழிலின் அடிப்படை விதி, கணக்கு எழுதியவரே அதைத் தணிக்கை செய்யக்கூடாது என்பது. நேர்மையானவருக்கும் அதே விதிதான். முகமூடி வீரரோ தானே புலன் விசாரித்து, தானே தீர்ப்பு எழுதி, தானே தண்டிக்கிறார். "நீ செய்வது தவறு" என்று சொல்லி அவரை நிறுத்த எவரும் இல்லை. புத்தி தெளிவாக உள்ளவரும் அந்த இடத்தில் நெடுநாள் நின்றால் தடுமாறுவார்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். பேட்மேன் கதைகளில் கொடியவர்கள் போய்ச் சேருமிடம் பெரும்பாலும் ஆர்க்கம் என்ற மனநலக் காப்பகம். நோயும் கொடுமையும் ஒன்றே என்ற எண்ணம் இதனால் இளம் மனங்களில் பதியலாம். அது உண்மையல்ல. மனநோய் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் எவருக்கும் தீங்கு செய்வதில்லை. ஊர் என்ன சொல்லுமோ என்று மருத்துவரிடம் போகாமல் மறைக்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. இந்த எண்ணம் அவர்களை இன்னும் ஒளிந்துகொள்ளச் செய்யும்.

1988இல் வந்த 'தி கில்லிங் ஜோக்' கதையில், ஒரே ஒரு கெட்ட நாள் போதும், எவரும் புத்தி பேதலித்துவிடுவர் என்று நிரூபிக்கப் பார்க்கிறான் ஜோக்கர். மகளைச் சுட்டு, தந்தையான காவல்துறை ஆணையர் கோர்டனைச் சித்திரவதை செய்கிறான். கோர்டன் உடைந்துபோகவில்லை. அவனைச் சட்டப்படியே பிடிக்க வேண்டும் என்றுதான் பேட்மேனிடம் சொல்கிறார். முகமூடி இல்லாத அந்த மனிதரே கதையில் நிதானம் தவறாதவர்.

இப்புத்தகங்கள் சிறு பிள்ளைகளுக்கு உரியவை அல்ல. பதின்ம வயதின் பிற்பகுதியில் இருப்பவர்கள் வாசித்தால் பிடுங்கி வைக்காதீர்கள். நீங்களும் வாசியுங்கள். "இவர் தவறு செய்தால் தடுக்க யார் இருக்கிறார்கள்?" என்று அவர்களிடம் கேளுங்கள். அந்தப் பேச்சு வௌவால் மனிதரோடு நின்றுவிடாது. நம் தலைவர்கள், சங்கங்கள், வீட்டுப் பெரியவர்கள் வரை வரும். வரட்டும்.