எழுதிய சுரமும் வாசிக்கும் விரலும்

ஐரோப்பிய சங்கீதத்தில், இயற்றியவர் எழுதிய சுரத்தைப் பியானோ வித்துவான் மாற்றலாகாது என்பது பொது விதி. பெரிய வித்துவான்கள் பலர் அதனை மீறியதுண்டு.

பீத்தோவனின் முதல் பியானோ கன்சர்ட்டோ 1801-இல் அச்சாயிற்று. அதன் முதற்பகுதியில் ஓரிடத்தில் இசை 'எஃப் ஷார்ப்' வரை ஏற வேண்டியிருக்க, அவர் அரைச்சுரம் தாழ்ந்த 'எஃப்' சுரத்தையே எழுதினார். காரணம் எளிது. அவர் காலத்துப் பியானோ ஐந்து ஸ்தாயி கொண்டது. அந்த 'எஃப்'புடன் கட்டைகள் முடிந்துவிடும். 1809 வாக்கில் அதே கன்சர்ட்டோவுக்கு அவர் எழுதிய தனிவாசிப்புப் பகுதி அவ்வெல்லையையும் கடந்து செல்கிறது, கருவி வளர்ந்துவிட்டது. பழைய சுரமோ அச்சில் அப்படியே நின்றது. இன்று பலர் அங்கே 'எஃப் ஷார்ப்' வாசிக்கின்றனர். அதனை மீறல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஹோரோவிட்ஸ் செய்தது வேறு. முஸோர்க்ஸ்கி 1874-இல் பியானோவுக்கென இயற்றிய 'கண்காட்சிச் சித்திரங்கள்' என்னும் தொகுதியில் அவர் சுரங்களைக் கூட்டியும் பெருக்கியும் 1947-இல் இசைத்தட்டில் பதிவு செய்தார். மூல எழுத்து கருவிக்குப் போதிய எடுப்பைத் தரவில்லை என்பது அவர் கருத்து. கட்டைகள் போதாமையால் வந்த மாற்றமன்று அது. கேட்டால் பிரமிப்புத்தான்! ஆனால் மேடையில் வாசித்தது காற்றோடு போய்விடும். தட்டில் பதிந்தது நிற்கும். முதன்முதலில் அதனைக் கேட்டவருக்கு அதுவே மூலமாகிவிடுகிறது. மாற்றியவர் பெயரையும் உறையில் அச்சிட்டுவிட்டால் எனக்கு வழக்கில்லை.