வீம்பும் வீரமும்

"தைரியமிருந்தால் இன்று வகுப்புக்கு மட்டம் போடு, பார்க்கலாம்!" தோழன் விடுக்கும் இச்சவாலுக்கு இரையாகிப் பள்ளியினின்று நழுவும் பிள்ளைகளை நாம் அறிவோம். படிப்பில் வெறுப்புற்றன்று, கோழையெனப் பெயர் கேட்க அஞ்சியே இவர்கள் செல்கின்றனர். அச்சத்தால் செய்வது வீரமாகுமா?

பள்ளியைத் துறப்பதும் ஒரு காலத்தில் வீரமாயிருந்ததே என்பாருளர். உண்மையே. ஆனால் 1920 டிசம்பரில் நாகபுரியில் கூடிய காங்கிரஸ் மகாசபை விதித்ததை நோக்குமின். 16 வயதுக்குட்பட்ட சிறுவர் விஷயத்தில் அது பெற்றோரையே வேண்டிற்று. 16 வயது நிரம்பியோரையோ, அங்கே பயில்வது தம் மனச்சாட்சிக்கு விரோதமென உணர்ந்தால் அரசாங்கக் கலாசாலைகளினின்று விலகுமாறு கோரிற்று. விலகுவோர் கல்வி குன்றாதிருக்க, அவ்வாண்டே குஜராத் வித்யாபீடமும் ஜாமியா மில்லியாவும், 1921-ல் காசி வித்யாபீடமும் எழுந்தன. மனச்சாட்சியின் கட்டளை வேறு. தோழனின் ஏளனம் வேறு.

மட்டம் போட்டவனைப் பிரம்பால் அடித்தால், ஏவிவிட்டவனே வீரனாகத் தோன்றுவான். இருவரையும் ஒருங்கழைத்து அன்புடன் விசாரிப்பது உபாத்தியாயர் கடமை. வீட்டில் அச்சமின்றி உண்மை பேச இடந்தருவது பெற்றோர் கடமை. இன்று தோழனிடம் "மாட்டேன்" எனத் துணிந்து சொல்லும் பிள்ளையே, நாளை அநீதியிடமும் அங்ஙனம் சொல்ல வல்லவனாவான். அத்தகையோரே நாட்டிற்கு வேண்டும்.